கையெழுத்து இல்லாமல் கவர் இல்லை

கவர் அக்கா போன வருடம் இறந்துபோனார். அவர் இருந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நான் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். ஆகவே இதை எழுதுவதால் யாருக்கும் புதிதாக ஆபத்து வராது என்று நம்புகிறேன். ஆட்சி மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. மாறியிருந்தால் இதற்குள் அக்காவுக்குப் பாராட்டு விழா நடத்தக் கிளம்பியிருப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது அவர் பெயரைச் சொல்லிக் காறித் துப்பிய அதே ஆட்களாகத்தான் இருக்கும்.

எங்கள் பத்திரிகை அலுவலகம் நான்கு மாடி. மூன்றாவது மாடியில் நாங்கள், அதாவது நிருபர்கள், உலகத்தையே தூக்கி நிறுத்துகிற தோரணையில் உட்கார்ந்திருப்போம். தரைத்தளத்தில், காகித உருளைகள் அடுக்கிய கிடங்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீளமான ஓர் அறை இருந்தது. அங்கே அக்கா இருந்தார். தினமும் வெளியாகும் செய்திகளை வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, தேதி போட்டு, விஷயவாரியாகப் பழுப்பு நிறக் கவர்களில் போட்டு அடுக்கிவைப்பது அவர் வேலை. பதினோராயிரம் கவர்கள் இருந்தன. அவரைவிடப் பத்து வயது மூத்த விநியோக மேனேஜர்கூட அவரைக் கவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "நான் எப்ப உங்களுக்கு அக்கா ஆனேன்?" என்று அவரும் ஒவ்வொரு முறையும் கேட்பார்.

அந்த அறையை நாங்கள் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. எல்லாம்தான் இணையத்தில் இருக்கிறதே. பிறகு மேலிடத்திலிருந்து போன்கள் வர ஆரம்பித்தன. காலையில் ஒரு போன் வந்தால் மதியத்துக்குள் எங்கள் இணையதளத்திலிருந்து அந்தச் செய்தி காணாமல் போகும். கொஞ்ச நாளில் போன்கூடத் தேவைப்படவில்லை. எதைக் கேட்பார்கள் என்று எங்கள் ஆசிரியர் குழுவே முன்கூட்டி யோசித்து எடுத்துவிடும். கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவதில் எங்கள் ஆட்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் கீழே இருந்த காகிதத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைப் பற்றி ஒரு வரி தெரிய வேண்டுமானாலும் நாங்கள் படியிறங்கி அக்காவிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று.

அக்காவிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. கையெழுத்து இல்லாமல் கவர் இல்லை. மேசையில் ஒரு தடித்த பதிவேடு கிடக்கும். தேதி, கவரின் தலைப்பு, எடுப்பவர் பெயர், எடுத்த நேரம், திருப்பிய நேரம், கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் எண், ஒவ்வொரு பக்கத்திலும் அலுவலக முத்திரை. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு கவர் தொலைந்துபோயிருக்கிறது. அதில் இருந்த ஆதாரம் கிடைக்காமல் பத்திரிகை ஒரு வழக்கில் தோற்றது. பழி புதிதாக வந்த அக்காவின் தலையில் விழுந்தது. அன்றைக்கு ஆரம்பித்த பதிவேடு அது. இருபத்தாறு வருடத்தில் ஏழாவது புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருமுறை முதன்மை ஆசிரியர் தன் உதவியாளரை அனுப்பிக் கவர் கேட்டார். அக்கா அவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். "படிக்கப்போறது யாரோ அவங்கதான் கையெழுத்துப் போடணும்னு போய்ச் சொல்லுங்க" என்றார். ஆசிரியர் வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே நான்கு மாடி இறங்கிவந்து கையெழுத்துப் போட்டார். நேரத்தை விட்டுவிட்டார். அக்கா அவரைத் திரும்பக் கூப்பிட்டு அதையும் போடவைத்தார்.

அந்த வருடம் சிறையில் இரண்டு வருடம் கழித்துவிட்டு வந்த ஒரு மனித உரிமை வழக்கறிஞரை எங்கள் சங்கம் கேன்டீனுக்கு அழைத்திருந்தது. எப்படிப் பாதுகாப்பாக வேலை செய்வது என்று எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தார். சிறையில் அவருக்கு முன்பற்கள் இரண்டு போயிருந்தன. அவர் சத்தம் போட்டுப் பேசவில்லை.

"உங்களைப் பிடிக்க அவங்க ஒண்ணும் பெருசா மெனக்கெட வேண்டியதில்ல. நீங்களே எழுதிவச்ச லிஸ்ட் எங்கயாவது இருக்கும். அது போதும். என்னோட கேஸ்ல நான் வச்சிருந்த டைரியிலேர்ந்து ஒன்பது பேரைத் தூக்கினாங்க. அடிச்சுக் கேக்கல. டைரியைப் படிச்சாங்க. அவ்வளவுதான். இன்னிக்குப் போய் முதல் வேலையா உங்க லிஸ்ட் எங்க இருக்குன்னு தேடுங்க."

நாங்கள் தேடினோம். செல்போனில் பெயர்களை அழித்தோம். குறிப்பேடுகளைக் கிழித்தோம். தகவல் சொல்பவர்களுக்கு எண்கள் வைத்தோம், பிறகு எந்த எண் யார் என்று மறந்துபோய்த் திண்டாடினோம். எங்களைப் போன்ற புத்திசாலிகள் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். இத்தனையும் செய்துவிட்டு நேராகக் கீழே போய், எந்தச் செய்தியைத் துருவுகிறோம் என்பதை, பெயர் எழுதி, நேரம் எழுதி, கையெழுத்தும் போட்டு வைத்துவிட்டு வந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. வழக்கறிஞர் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்க வந்து இரண்டு நிமிடம் நின்று கேட்டார். "அக்கா, இது நிருபர்களுக்கு மட்டும்" என்றார் செய்தி ஆசிரியர். அக்கா பிளாஸ்கை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை.

பிறகு 'மரியாதை' வந்தார். தகவல் துறை அதிகாரி. அவருக்கு அந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான். வாசல் காவலாளியைக்கூட ஐயா என்பார். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு டம்ளரைத் தானே அலசி வைப்பார். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் வந்துபோன இடத்தில் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அதனால் அவர் கார் வாசலில் நின்றால் மூன்றாவது மாடியில் தட்டச்சு சத்தம் அடங்கிவிடும்.

அன்றைக்கு அவர் மேலே வரவே இல்லை. நேராகக் கவர் அறைக்குப் போனார். இரண்டரை மணி நேரம் இருந்தார். கிளம்பிய பிறகு, கேன்டீனில் அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"இருபத்தாறு வருஷத்துல இப்பதான்டி ஒருத்தர் முழுசா உக்காந்து பாத்தாரு. நம்ம ஆசிரியர்கூடப் பாத்ததில்ல. இவ்வளவு நேர்த்தியா எங்கயும் பாத்ததில்ல, எங்க துறையிலேர்ந்து ஆள் அனுப்பி உங்ககிட்டக் கத்துக்கச் சொல்லணும்னாரு."

"கவர் எதையாவது எடுத்துட்டுப் போனாரா?"

"ஒண்ணுகூட இல்ல. கவரைத் தொடவே இல்ல. பதிவேட்டைத்தான் பாத்தாரு. பக்கம் பக்கமா போட்டோ எடுத்துக்கிட்டாரு. உள்ள வந்ததும் அவரையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போட்டாரு."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. கவர் எதையும் எடுக்கவில்லையே என்று நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். அதற்கு அடுத்த வாரமே நான் கீழே போய் 'ஏழாம் எண் கிடங்கு' என்ற கவரைக் கேட்டேன். நகரத்துக்கு வெளியே இருந்த அந்தக் கிடங்குக்குக் கொண்டுபோனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று பேச்சு இருந்தது. அப்படி ஓர் இடமே இல்லை என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கவரில் எட்டு துண்டுச் செய்திகள் இருந்தன. கிடங்குக்குக் கம்பிவேலி போட ஒப்பந்தம் கோரிய அரசு விளம்பரமும் அதில் ஒன்று. இரண்டு நாட்கள் அடுத்தடுத்து எடுத்தேன். இரண்டு முறையும் அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை 'துறைமுக'த்தைத் தூக்கிவிட்டார்கள். துறைமுகச் செய்திகளை எழுதும் எங்கள் மூத்த நிருபரை அப்படித்தான் கூப்பிடுவோம். மேலிடத்து மருமகனின் கப்பல் ஒன்றைப் பற்றி அவர் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு வரிகூட இன்னும் எழுதவில்லை. எங்களிடம்கூட வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அவர் மனைவிக்கு ஐந்து நிமிடம் பார்க்க அனுமதி கிடைத்தது. திரும்பி வந்து எங்களிடம் சொன்னார்.

"ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கறாங்களாம். பதினொண்ணாம் தேதி மூணு இருபதுக்குக் கப்பல் கவரை எதுக்கு எடுத்தே? நாப்பது நிமிஷம் என்ன படிச்சே? யார் படிக்கச் சொன்னாங்க? அந்த நாப்பது நிமிஷம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு அவருக்குப் புரியலையாம்."

எனக்குப் புரிந்தது. நேராகக் கவர் அறைக்கு இறங்கிப் போனேன். கதவைச் சாத்திவிட்டு அக்காவைப் பார்த்துக் கத்தினேன். இருபத்தாறு வருடமாக எங்களை வேவு பார்த்து எழுதிவைத்திருக்கிறீர்கள், வந்தவன் நாலு வார்த்தை புகழ்ந்ததும் வாயெல்லாம் பல்லாகத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள் என்று சொன்னேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன், அதை இங்கே எழுதக் கை கூசுகிறது. அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பதிவேட்டைப் புரட்டினார். பதினொன்றாம் தேதிக்குப் போய், அந்த வரியில் விரலை வைத்து, 'மூணு இருபது, நாலு' என்று மெதுவாக வாசித்தார். பிறகு அவராகவே பக்கங்களை முன்னோக்கிப் புரட்டி என் பெயர் இருந்த இடத்தில் நிறுத்தினார். ஏழாம் எண் கிடங்கு. இரண்டு வரிகள்.

"இது அவரு வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்" என்றார்.

"ஆமா. இன்னும் பாக்கல. திரும்ப வருவாரா?"

"வர்ற வியாழக்கிழமை வர்றேன்னு காலையிலதான் போன் பண்ணினாரு. மிச்சப் பக்கத்தையும் பாக்கணுமாம். பத்திரமா வச்சிருங்கன்னாரு."

அன்றைக்குச் சனிக்கிழமை. கையில் நான்கு நாட்கள் இருந்தன. பக்கத்தைக் கிழிக்கலாமா என்று கேட்டேன். பக்க எண்களை 'மரியாதை' குறித்துக்கொண்டு போயிருந்தார். அழித்தாலும் தெரியும். ஒட்டுமொத்தமாகப் புத்தகத்தையே கொளுத்திவிடலாம் என்றேன். கொளுத்தினால் கடைசியாக யாருக்காகக் கொளுத்தினாய் என்றுதான் கேட்பார்கள் என்றார் அக்கா. தொலைக்கவே முடியாதபடி ஒரு பதிவேட்டை உண்டாக்க வேண்டும் என்று இருபத்தாறு வருடம் பாடுபட்டவர் அவர். அந்த வேலையை அவர் கொஞ்சம் அதிகமாகவே நன்றாகச் செய்திருந்தார்.

"நீ மேல போ. இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார் கடைசியில். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். மறைப்பானேன், அப்படித்தான் நினைத்தேன். அந்த நான்கு நாளும் கவர் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினால், சரக்குச் சரிபார்ப்பு நடக்கிறது, வியாழக்கிழமைக்கு மேல் வாருங்கள் என்று குரல் மட்டும் வரும். கேன்டீனில் ஒருமுறை எதிரெதிரே வந்தோம். அவர் வலது கையின் நடுவிரலில் மை அப்பியிருந்தது. தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார். நான் ஒரு பையில் இரண்டு உடுப்புகளையும் மாத்திரைகளையும் எடுத்துவைத்தேன். யாரோ வந்து உதறிப் பார்க்கையில் மானம் போகக்கூடாது என்று நல்லதாகப் பார்த்து எடுத்துவைத்தேன். அம்மாவுக்குப் போன் செய்து சாதாரணமாகப் பேசினேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு 'மரியாதை' என்னைக் கீழே அழைத்துவரச் சொன்னதாக ஆள் வந்தது. மூன்றாவது மாடியில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் எழுந்து நின்று எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். பதிவேடு அவர் முன்னால் திறந்திருந்தது. அக்கா மேசைக்கு அந்தப் பக்கம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இந்த ரெண்டு கையெழுத்தும் உங்களோடதுதானேம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "அது நான் போட்டது சார்."

"நீங்களா?"

"எல்லாமே நான் போடறதுதான். யாரு சார் படியிறங்கி வந்து கையெழுத்துப் போடறாங்க? போனைப் போட்டுக் கேப்பாங்க, கொடுத்து அனுப்பிடுவேன். அப்புறம் மேனேஜ்மென்ட்டுக்குக் காட்டணுமேன்னு மாசக் கடைசியில உக்காந்து வாய்க்கு வந்த பேரைப் போட்டு ரொப்பிடுவேன். நேரம்கூட மனசுல தோணுறதுதான்."

அவர் சிரித்தார். "போன தடவை இப்படிச் சொல்லலையே."

"நீங்க அவ்வளவு பாராட்டினீங்க சார். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. விரலில் ஈரம் தொட்டுத் தாளைப் புரட்டினார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். ஓர் இடத்தில் நின்றார். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் முன்னாள் ஆசிரியர் 'வானிலை' கவரை எடுத்திருந்தார். அவர் செத்து மூன்று வருடமாகிறது. கையெழுத்து அச்சு அசலாக அவருடையது. அந்த வாலை இழுத்துவிடுகிற சுழி உட்பட. அதற்குக் கீழே, பத்து வருடத்துக்கு முன் வெளிநாட்டுக்குப் போய்விட்ட மெய்ப்புத் திருத்துபவர் புதன்கிழமை காலையில் வந்து போயிருந்தார். அதற்கும் கீழே கடைசி வரியில் ஏழாம் எண் கிடங்கு என்ற கவரை மூன்று இருபதுக்கு எடுத்து நாலு மணிக்குத் திருப்பியிருந்தவர் பெயர் இருந்தது.

அது 'மரியாதை'யின் பெயர். அவர் கையெழுத்து.

அதை அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துக் கிடங்கில் காகித உருளையை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மேசையிலிருந்த கோந்துப் புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவேடு நிஜமென்றால் அந்த அதிகாரியும் அந்தக் கவரைப் படித்திருக்கிறார். அவர் படிக்கவில்லை என்றால் பதிவேடு பொய். இந்தக் கணக்கு அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகியிருக்காது. அதற்குப் பிறகும் அவர் பார்த்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம், அக்காவை என்ன செய்யலாம் என்று யோசித்ததாகத்தான் இருக்கும்.

"தண்ணி கிடைக்குமா?" என்றார்.

குடித்தார். டம்ளரை அலசி வைத்தார்.

"ஆக இருபத்தாறு வருஷமும் பொய்?"

"ஆமா சார்."

"துறைமுக நிருபர் கையெழுத்து?"

"அதுவும் நான்தான்."

"எழுதிக் குடுங்க."

அக்கா மூன்று பக்கம் எழுதிக்கொடுத்தார். வட்ட வட்டமான அவர் கையெழுத்தில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். 'நான் இந்தப் பத்திரிகையையும் இதில் வேலை செய்தவர்களையும் இருபத்தாறு வருடமாக ஏமாற்றி வந்திருக்கிறேன்' என்று முடித்திருந்தார். அவர் எழுதியதை 'மரியாதை' வாசித்தார், மடித்துப் பையில் வைத்தார், ஏழு புத்தகங்களையும் காரில் ஏற்றச் சொன்னார். போகும்போது என்னைப் பார்த்து, "இந்தக் கவரை நீங்க எடுக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"சரி" என்றார். "மறந்துடாதீங்க."

என்னை யாரும் பிடிக்கவில்லை. 'துறைமுக'த்தை ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். பதிவேட்டைத் தவிர அவர்களிடம் வேறு ஆதாரம் இல்லை. வெளியே வந்தபோது அவருக்கு ஒரு காது கேட்கவில்லை. அந்தக் கையெழுத்து தன்னுடையதுதான் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. குடும்பத்தோடு நாட்டை விட்டே போய்விட்டார்.

அக்காவை இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்து அனுப்பினார்கள். வேலை அன்றைக்கே போயிருந்தது. எங்கள் பத்திரிகை, அவர் வாழ்நாளெல்லாம் வெட்டி ஒட்டிய அதே பத்திரிகை, ஐந்தாம் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆவணங்களில் மோசடி செய்த இவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை. அறிவிப்பு போடச் சொல்லி மேலிடத்திலிருந்து யாரும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களே முந்திக்கொண்டார்கள். கேன்டீனில் சிரிப்பு. "இத்தனை வருஷம் நம்ம தலையில மிளகாய் அரைச்சிருக்கா பாரு" என்றார் விநியோக மேனேஜர். அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். நான் தேநீரைக் குடித்துவிட்டு மேலே போனேன். வேறு என்ன செய்ய? நான் ஏதாவது சொன்னால் அக்கா எழுதிக்கொடுத்தது வீணாகிவிடும்.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது தளத்தில், எதிர் வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. நான் அழைப்புமணியை அழுத்தியதும் அது மூடிக்கொண்டது.

கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு முழம் நிலத்தைக் கூட்டிக் குறைத்து எழுதச் சொல்லி ஒரு பெரிய மனிதர் நெருக்கியபோது ஊர்மாற்றலை வாங்கிக்கொண்டு போனவர் என்று அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மனைவியின் பதிவேட்டைப் பற்றி அவருக்கும் அதே அளவு பெருமை இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் சொல்வாராம். என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது, இன்னொன்று மூடி வைத்திருந்தது. இருவரும் சேர்ந்து சாப்பிடுவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

சமையலறையில் அக்கா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, நீங்க மட்டும் அன்னிக்கு" என்று ஆரம்பித்தேன்.

"என்னிக்கு?" என்றார்.

"எனக்காக நீங்க."

"உனக்காக நான் ஒண்ணும் பண்ணலயே. நீ எந்தக் கவரும் எடுக்கல. நான்தான் வாய்க்கு வந்த பேரைப் போட்டேன். உன் பேரு அதுல மாட்டிக்கிச்சு, மன்னிச்சுக்கோ."

"இங்க யாரும் இல்லக்கா."

"இல்லாட்டி என்ன? நீ எடுக்கல."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். கண் சிமிட்டவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு வரி பொய் எழுதாத மனுஷி அத்தனை சுத்தமாகப் பொய் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

"அவர்கிட்டயாவது சொல்லக்கூடாதா? பாவம், உடைஞ்சுபோயிருக்காரே."

அக்கா பாலை ஊற்றி அடுப்பைக் குறைத்தார். "ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தாங்க" என்றார். "அந்தத் தண்ணி கேக்கறவரும் வந்தாரு. என்கிட்ட ஒண்ணும் கேக்கல. இவரு எதிர்ல உக்காந்து இவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தாங்க. இவரு என்னை அவங்க முன்னாடியே திட்டினாரு. இப்படிப்பட்டவகூட முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டேனேன்னாரு. எந்திரிச்சுப் போயிட்டாங்க." டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார். "திரும்ப வருவாங்க. இவருக்கு நடிக்கத் தெரியாது."

தேநீரை நான் எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. கிளம்பும்போது அவர் கணவர் எழுந்து வாசல்வரை வந்தார். அக்கா அவருக்குப் பின்னால் காலி டம்ளர்களோடு நின்றார்.

"நீங்க அந்த ஆபீஸ்லயே இருக்கறவங்க. பொய் சொல்ல உங்களுக்கு ஒரு காரணமும் இல்ல" என்றார். கதவை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. மிரட்டி எழுதி வாங்கிட்டாங்களோன்னு ஒரு நாளைக்கு நாலு தடவை தோணுது. இவ நிஜமாவே அப்படிப் பண்ணினாளா?"

இல்லை என்ற வார்த்தைக்காக அந்த மனிதர் முகம் ஏங்கியது. ஒரே ஒரு வார்த்தை. அவர் தோளுக்கு மேலே அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றேன். "பண்ணினாங்க. எங்க எல்லாருக்கும் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு உள்ளே போனார். அதை நம்பியபடியே, மூன்று வருடம் கழித்து, அக்காவிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் இறந்துபோனார்.